ஊர்ப் பெயர்களும் விழா மலரில் இடம்பெற வேண்டும்

ஓர் ஊரில் முதலில் கால் வைத்தோர் அங்கு எதைக் கண்டனர் என்பதற்கு அவ்வூரின் பெயரே சாட்சி. அச்சாட்சி சில வேளைகளில் நாம் எதிர்பாராததைக் கூறும்.

பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். அன்பர் பலர் 'பத்து' என்பதைத் தமிழ் எண்ணாகவே கருதுகின்றனர். தமிழகத்தில் ஆறுபடை வீடுகள். மலேசியாவில் ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை, மலாக்கா சன்னாசிமலை ஆகிய மூன்று. பத்தாவது பத்துமலை என்பது செவிவழி விளக்கம். கேட்க இனியதே, ஆயினும் பெயரின் பிறப்பு வேறு. மலையருகே ஓடும் சுங்கை பத்து என்னும் ஆற்றின் பெயரே குகைகளுக்கு வாய்த்தது. மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். தம்புசாமிப் பிள்ளையவர்களின் முயற்சியால் முருகன் வழிபாடு தொடங்கி, 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுவதற்கு முன்பே அவ்வாற்றுக்கு அப்பெயர் வழங்கியது. ஈப்போவில் தமிழர் 'கல்லுமலை' எனத் தம் மொழியில் கூறியதையே இங்கு மலாய்ச் சொல் கூறுகிறது.

இவ்வுண்மையைக் கூறினால் பக்தி குன்றிவிடுமோ எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் தேவையற்றது. அண்டை மொழியின் சொல்லொன்றில் கந்தவேளின் பத்தாம் இருப்பிடத்தைக் கண்டது நம் முன்னோரின் அன்பு. அதை அன்பின் விளக்கமாகவே கூறுவோம். வரலாறாகக் கூற வேண்டாம். வரலாறு என நம்பிய ஒன்று அவ்வாறன்று எனப் பின்னாளில் அறியும் இளைஞன், நம்மிடம் கேட்ட ஏனையவற்றையும் ஐயுறத் தொடங்குவான்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் ஆலயத்தை அக்காலத்தார் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றனர். கம்பம் என்பது 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். அப்பகுதியில் இருந்த சுண்ணாம்புச் சூளைகளே பெயருக்குக் காரணம். சூளைகள் மறைந்தன, பெயரும் முதியோர் நாவோடு மறைந்து வருகிறது. அருகிலுள்ள கம்போங் காப்பூர் சாலையின் பெயருக்கும் சுண்ணாம்புக் கிராமம் என்பதே பொருள் என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்?

மலேசியத் தோட்டப்புறங்களின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. நிறுவனம் இட்ட ஆங்கிலப் பெயர் ஏட்டில் இருக்க, பாட்டாளி மக்கள் தமிழில் வேறொரு பெயர் வைத்து அழைத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளான பின், அப்பெயர்களைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் ஆலயங்களே. ஆலயமும் இடம் மாறினால் பெயருக்குப் புகலிடம் இல்லை.

ஆகவே ஆலய நிர்வாகத்தினருக்கும் புரவலர்களுக்கும் ஒரு விண்ணப்பம். திருவிழா மலர்களிலும் கும்பாபிஷேக மலர்களிலும் வாழ்த்துரைகளுக்கும் விளம்பரங்களுக்கும் பக்கங்கள் பல ஒதுக்குகிறோம். ஒரே ஒரு பக்கத்தை ஊரின் பழம்பெயருக்கும் அதன் காரணத்திற்கும் ஒதுக்குங்கள். முதியோரை அணுகி, அவர்கள் கூறுவதை அவர்கள் சொல்லிலேயே பதிவு செய்யுங்கள். இப்பணிக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஆனால் காலம் தாழ்த்த இயலாது.