புகையறையிற் படியும் கரி

விழா மலருக்கு எழுதப் புகும் தமிழாசிரியன் இலக்கியம் பேசுவதே வழக்கம். எனினும், ரம்புக்கனையில் வாழும் நாம் இம்முறை இறப்பர்ப் புகையறையைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். எம்மிடம் தமிழ் பயிலும் சிறுவர் பலரின் உணவு அவ்வறையிலிருந்தே வருகின்றது. பழைய மாணவர் சிலரோ இன்று தோட்டங்களையும் தொழிற்சாலைகளையும் நடத்துகின்றனர்.

1876ஆம் ஆண்டில் கியூப் பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அம்மரமே பின்னர்க் கேகாலைக் குன்றுகளிலும் பரவியது. பாலை உறையவைத்து, அழுத்திச் சீற்றாக்கி, ஏறக்குறைய 50 முதல் 60 பாகை செல்சியசு வெப்பத்தில் நான்கைந்து நாள் புகையூட்டுவர். வெப்பம் ஈரத்தைப் போக்கும். புகை பூஞ்சணத்தைத் தடுக்கும்.

போக்கிய ஈரம் எங்கே செல்கின்றது? முதல் நாளிற் காற்றுவழிகளை அடைத்துவைத்தால், நீராவி குளிர்ந்த கூரையிலும் சுவரிலும் துளியாகின்றது. ஈரவிறகின் புகையிலுள்ள தாரும் அதனோடு படிகின்றது. அது சொட்டினாற் சீற்று கறைபட்டுத் தரம் இழக்கும். உலர்ந்து தடித்தாலோ, ஒரு தீப்பொறி அறை முழுவதையும் எரித்துவிடும்.

வெற்றிட உலர்த்திகள் வந்தால் இத்தகைய தொல்லை எங்கும் ஒழியும் என்பார் உளர். அழுத்தம் பத்திலொன்றாகக் குறையின், நீர் ஏறக்குறைய 46 பாகையிலேயே கொதிக்கும் என்பது உண்மை. ஆயினும், அவ்வாவியைப் பம்பிக்கு முன்னரே குளிர்கலத்திற் பிடியாவிடின், அது பம்பியின் எண்ணெயிற் கலந்து அதனைப் பாழாக்கும். உடன்வரும் பசைப்பொருள் குழாய்களில் ஒட்டும். பொறி மாறினும் நியதி மாறாது: ஆவி வெளியேற வழி வேண்டும்; படிவை நீக்க நாள் வேண்டும்.

ஆகவே, சீற்றின் நீரை வடியவிட்டே உள்ளே ஏற்றுக. உலர்ந்த விறகையே இடுக. முதல் நாளிற் காற்றுவழிகளைத் திறந்து வைக்குக. படிவு இறுகுமுன் சுரண்டுக.

இவற்றுள் இறுதியானதே பெரிதும் புறக்கணிக்கப்படுகின்றது. சுரண்டும் நாளிற் புகையறை ஓய்ந்து நிற்கும். ஓய்ந்த நாள் நட்டமெனக் கணக்கெழுதுவோர் கருதுவர். அந்நட்டம் சிறிது, தீயின் நட்டம் பெரிது. மேலும், மாலையிற் கூலியின்றி ஒருவன் செய்யும் உபகாரமாக அவ்வேலை இருத்தலாகாது. நாள் குறித்து, கூலி கொடுத்து, அறை ஆறியபின், முகமூடியும் கையுறையும் அணிந்து செய்யும் வேலையாக அஃது அமைதல் வேண்டும்.

வருமுன் காத்தலே அறிவுடைமை என நாம் வகுப்பில் நாடோறும் கற்பிக்கின்றோம். கற்றவர் பதவியில் அமர்ந்தபின் அதனை மறப்பாராயின், நாம் கற்பித்தது ஏட்டோடு நின்றதாகும். விழாக் கொண்டாடும் இவ்வாண்டிற் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ள ஓர் உலர்த்தறையின் கூரையையேனும் அண்ணாந்து பார்ப்பாராக!