உலர் கண்: வெறும் எரிச்சல் அல்ல

உலர் கண் நோயால் கண் கொஞ்சம் எரியும், உறுத்தும், ஆனால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் பரவலாக வேரூன்றியிருக்கிறது. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் சோதனைக்கு நிற்பதில்லை.

முதல் காரணம், நோயாளி பரிசோதனை அட்டையில் 6/6 வரிசையைப் படித்துவிடுகிறார் என்பது. அவர் ஓர் எழுத்தைச் சொல்லி, இரண்டு முறை சிமிட்டி, பிறகே அடுத்த எழுத்தைச் சொல்கிறார் என்பதை அட்டை கணக்கில் எடுப்பதில்லை. ஒளி கண்ணுக்குள் நுழையும்போது முதலில் சந்திப்பது கருவிழியை அல்ல. அதன்மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள இந்தப் படலம் வழவழப்பாக இருந்தால்தான் பிம்பம் தெளிவாக விழும். நலமான கண்ணில் ஒரு முறை சிமிட்டினால் படலம் பொதுவாகப் பத்து நொடிக்கு மேல் உடையாமல் நிற்கும். உலர் கண்ணில் சில நொடிகளிலேயே திட்டுத்திட்டாக உடைகிறது. மஞ்சள் சாயம் இட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால், பச்சையாக ஒளிரும் பரப்பில் கரும்புள்ளிகள் தோன்றி விரிவது மருத்துவருக்கு நேரடியாகவே தெரியும். அந்த இடங்களில் ஒளி சிதறுகிறது, எழுத்து மங்குகிறது, சிமிட்டினால் தெளிந்து மறுபடி மங்குகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் சிமிட்டாமல் திறந்துவைத்த கண்ணின் பார்வையை அளந்தபோது, அட்டையில் நன்றாகப் படித்தவர்களுக்கும் பார்வை சில நொடிகளில் சரிந்தது. வாசிப்பதும் கணினி பார்ப்பதும் இரவில் வண்டி ஓட்டுவதும் கண்ணை இமைக்காமல் வைத்திருக்கும் வேலைகள். அங்கேதான் இந்தக் குறை ஆளை வாட்டுகிறது.

‘கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறதே, அது எப்படி உலர் கண்ணாகும்?’ என்பது அடுத்த கேள்வி. வறண்ட கருவிழியின் நரம்புகள் தூண்டப்படுவதால் சுரக்கும் அவசரக் கண்ணீர் அது. இமையோரத்து மைபோமியன் சுரப்பிகளின் எண்ணெய் குறைந்திருந்தால், எவ்வளவு நீர் சுரந்தாலும் ஆவியாகிவிடும். உலர் கண்ணில் பெரும்பகுதி இந்த வகையே.

‘சின்னத் தொந்தரவுதானே’ என்ற பேச்சு நோயாளிகளுக்கு இழைக்கப்படும் அநீதி. அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஆய்வில், கடுமையான உலர் கண் உள்ளவர்கள் தங்கள் வாழ்க்கைத் தரத்துக்குத் தந்த மதிப்பெண், கடுமையான ஆஞ்சைனா நெஞ்சுவலிக்காரர்கள் தந்ததற்கு நெருக்கமாக இருந்தது. வலி மிகுந்திருந்தும் பரிசோதனையில் கண் ஓரளவு நன்றாகவே தெரியும் நோயாளிகள் நிறைய உண்டு. அவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று ஒதுக்குவது தவறு, நரம்பே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

செல்போன் மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல. மாதவிடாய் நின்ற பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஒவ்வாமை மாத்திரை சாப்பிடுபவர்கள், கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் எனும் லேசர் அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கும் இது வருகிறது.

எந்தச் சொட்டு மருந்தானாலும் போதும் என்பதுதான் இவற்றில் ஆபத்தானது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு எரிச்சலை உடனே அடக்கும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தத்தை உயர்த்தி, மீளாத பார்வையிழப்பில் கொண்டுபோய் விடலாம். செயற்கைக் கண்ணீரிலும், பதப்படுத்தும் பொருள் கலந்ததை அடிக்கடி விட்டால் கருவிழியின் மேற்பரப்பு புண்படும். எண்ணெய்ச் சுரப்பி அடைத்தவருக்கு வெந்நீர்த் துணி ஒத்தடமும் இமைச் சுத்தமும் அவசியம். வாய் உலர்வும் மூட்டுவலியும் சேர்ந்திருந்தால் ஷோக்ரன் எனும் தன்னுடல் தாக்கு நோய்க்கான ரத்தப் பரிசோதனை தேவைப்படும். அங்கே கண் மருத்துவரோடு மூட்டு நோய் மருத்துவரும் பார்த்தாக வேண்டும்.