முதலில் மருந்து, பின்பே கத்தி

புற்றுநோய் என்றதும் அதனை உடனே வெட்டி எறிந்துவிட வேண்டும் என்பதே எவருக்கும் எழும் முதல் எண்ணம். நுரையீரலிற் கட்டி கண்ட ஒருவரிடம், “முதலில் மருந்து, அதன் பின்பே சத்திரசிகிச்சை” என்று வைத்தியர் கூறினால், கைவிட்டுவிட்டார்களோ என்று குடும்பமே கலங்குகின்றது. இக்கலக்கம் இயல்பானதே, ஆயினும் ஆதாரமற்றது என்பதை நாம் எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

கண்ணுக்குத் தெரியும் கட்டியைக் கத்தி அகற்றும். எந்தப் படத்திலும் அகப்படாது உடலிற் பரவிவிட்ட புற்றுக் கலங்களை அது எவ்வாறு அகற்றும்? சத்திரசிகிச்சை முடிந்து சில ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைகாட்டுவது பெரும்பாலும் இவற்றாலேயே. ஆகவேதான், உடலில் வலுவிருக்கும்போதே கீமோதெரபி எனப்படும் இரசாயன சிகிச்சையை அளித்து, கட்டியைச் சுருக்கவும் மறைந்திருக்கும் கலங்களை அழிக்கவும் முற்படுகின்றனர்.

இது வெறும் நம்பிக்கையன்று. நுரையீரற் புற்றுநோயின் பெரும் பிரிவாகிய சிறுகலமல்லா வகை பற்றிய 15 ஆய்வுகளில் பங்குபற்றிய 2,385 நோயாளரின் விபரங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு 2014 இல் வெளியாயின. ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் நூற்றுக்கு 40 இலிருந்து 45 ஆக உயர்ந்தமை தெரியவந்தது. ஐந்து பேர்தானே என்பார் உளரேல், அந்த ஐவரின் வீட்டாரைக் கேட்கட்டும்! 2022 இல் வெளியான மற்றோர் ஆய்விலோ, கீமோதெரபியுடன் நிவோலுமாப் என்னும் மருந்தையும் மும்முறை சேர்த்தளித்தபோது, நூற்றுக்கு 24 பேரிடம், அகற்றிய பகுதியில் உயிருள்ள புற்றுக் கலமே காணப்படவில்லை. கீமோதெரபி மட்டும் பெற்றோரில் இத்தொகை நூற்றுக்கு 2 அளவே.

எல்லோருக்கும் இம்முறை பொருந்தாது. மிகச் சிறிய கட்டிக்கு நேரே சத்திரசிகிச்சையே செய்யப்படுவதுண்டு. மருந்தின் வேகந் தாங்காமலோ, இடையில் நோய் முற்றியோ சத்திரசிகிச்சை வாய்ப்பை இழப்போரும் உளர். இவற்றை நிறுத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர்கள் வைத்தியரும் நோயாளருமே.

ஆனால், மருந்து உரிய நாளிற் கிடைப்பது அவர்கள் கையில் இல்லை. வழக்கமாக மூன்று வாரத்திற்கு ஒருமுறை அளிக்கும் மருந்து தவறினால், சத்திரசிகிச்சைக்குரிய நாளும் தவறுகின்றது, நோயோ காத்திருப்பதில்லை. 2022 இல் நமது நாட்டு வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்ததை நாம் மறந்துவிடவில்லை. இலவச வைத்தியம் நாட்டின் பெருமையெனப் பேசுவோரை நாம் கேட்கின்றோம்: பணமுள்ளவன் வெளியில் வாங்கிப் பிழைக்க, ஏழை அடுத்த தவணைக்குக் காத்திருந்து மடிவதோ அப்பெருமை? புற்றுநோய் மருந்துகள் ஒரு நாளேனும் தட்டுப்படாதிருக்க வழி செய்வது அரசாங்கத்தின் கடன். அதனைச் சலுகையாகவன்றி உரிமையாகவே நாம் கேட்கின்றோம்.