காதற்கதை எழுதும் ஆணும் காமத்துப்பாலை மறந்த கனவான்களும்

பத்துமலையை அறியாத தமிழர் இந்நாட்டில் இல்லை. 1891-ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளை அக்குகையில் முருகனுக்குக் கோவில் அமைத்தார். மறு ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் நடந்து வருகிறது. 272 படிகளும், 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயரச் சிலையும் இன்று உலகத்தார் வந்து படம் பிடித்துக்கொண்டு போகும் காட்சிகளாகிவிட்டன. நாம் சொல்ல வந்தது அவற்றைப்பற்றியன்று. சென்ற தைப்பூசத்தன்று அப்படிகளின் அடியில், ஒரு பந்தலுக்குள் நாம் கண்ட காட்சியைப்பற்றியாகும்.

அப்பந்தலில் சில அன்பர்கள் திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே ஒரு கனவான் கண்களை மூடி, தொடையில் தாளம் போட்டு, மெய்ம்மறந்து அமர்ந்திருந்தார். பாட்டில் விலைமாதரின் கூந்தலும் விழியும் கொங்கையும் இடையும் ஒன்றன்பின் ஒன்றாக வருணிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. கனவானின் தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை. அவர் யார் என்றால், அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் நமது சிறுகதை ஒன்றை “ஆபாசம்” என்று முத்திரையிட்டு ஒரு தொகுப்பிலிருந்து நீக்கியவர். அக்கதையில் நாம் எழுதியது என்ன? கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவனும், அவனை விரும்பி மணந்த ஒருத்தியும், பல மாதப் பிரிவுக்குப் பின் கூடும் ஓர் இரவு. அவ்வளவே.

வாசகர்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நாம் ஆண்மகன்; மணமானவர்; இரு பிள்ளைகளுக்குத் தந்தை. நாம் எழுதுவது காதற்கதை. அதிலும் காதலர் கைகோத்ததும் திரைபோட்டு மூடிவிடாத காதற்கதை. இதற்காக எட்டாண்டுக் காலமாக நமக்குக் கிடைத்தவை ஏளனச் சிரிப்பும், கண்சிமிட்டலும், “உமக்கு வேறு எழுத்தே வராதா?” என்ற கேள்வியுமே. கொலைக்கதை எழுதுகிறவனைப் பார்த்து, “எத்தனை பேரை வெட்டினீர்?” என்று எவரும் கேட்பதில்லை. காதற்கதை எழுதுகிறவனைப் பார்த்து மட்டும், “இதெல்லாம் அனுபவமா?” என்று கேட்டு விலாவில் இடிக்கிறார்கள். ஒரு மனிதன் மற்றொரு மனிதனைக் கொல்வதை எழுதுவது கலையாம். ஒரு மனிதன் மற்றொரு மனிதரை அணைப்பதை எழுதுவது கறையாம். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறோம்.

நிற்க. நமது கதையை நீக்கியதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று, அது தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாது. இரண்டு, ஒரு குடும்பஸ்தன், அதுவும் ஆண்பிள்ளை, இத்தகையவற்றை எழுதுவது அழகன்று. மூன்று, இளைஞர்கள் கெட்டுப்போவார்கள். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது பண்பாடு. எந்தத் தமிழைக் காப்பாற்ற இவர்கள் கச்சை கட்டுகிறார்களோ, அந்தத் தமிழின் பழம்பாட்டுகளில் மிகப் பெரும்பகுதி அகப்பாட்டு. குறளின் 133 அதிகாரங்களில் 25 காமத்துப்பால், 250 குறட்பாக்கள். அவற்றில் பல பெண்ணின் வாய்மொழி, எழுதியவர் ஆண். 1730-இல் குறளை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் பெயர்த்துவிட்டு, இன்பத்தை விட்டுவிட்டார். அவர் துறவி, வேற்று நாட்டவர், அவரை நாம் குறை கூறவில்லை. 1886-இல் போப் என்ற பாதிரியார் மூன்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். வெளிநாட்டுப் பாதிரியாருக்குக் கூடாமல் போகாத காமத்துப்பால், கோலாலம்பூரிலுள்ள தமிழ்க் கனவான்களுக்குக் கூடாமற்போனது எவ்வாறு? திருக்குறள் விழாவென்று மேடை போட்டு, ஈராயிரத்தாண்டுப் பெருமை பேசி, நூலில் ஐந்திலொரு பங்குக்குச் சற்றே குறைந்த பகுதியை மேடைக்கு அடியில் ஒளித்து வைப்பதுதான் பண்பாடா?

பக்தி வழியில் வருவோமாயின், அங்கும் இதே கதைதான். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பெண்ணின் ஏக்கத்தைப் பாடினார்கள். ஆண் ஒருவன் பெண்ணின் குரலெடுத்து விரகம் பாடியதற்காக அவர்களை யாரும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. கோவிலில் வைத்துக் கும்பிட்டார்கள். இந்நாட்டையே எடுத்துக்கொண்டாலும், மலாயாவின் முதல் தமிழ் நாவல் என எண்ணப்படுவதும் 1917-இல் வெளிவந்ததுமான ‘கருணாசாகரன்’ என்ற நூலின் மறுபெயரிலேயே காதலின் மாட்சி குறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, காதல் இங்கு நேற்றுக் கப்பலேறி வந்த சரக்கன்று. நமது எழுத்து இம்மண்ணில் கால்வைத்த நாளிலேயே கூட வந்தது.

இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள். “திருப்புகழில் மாதரை வருணித்தது அவர்களை இகழ்வதற்காக, காமம் வேண்டாம் என்று முருகனிடம் முறையிடுவதற்காக, உமது கதையோ காமம் வேண்டும் என்கிறது” என்பார்கள். மெத்தச் சரி. இந்த மறுப்பின் பொருள் என்னவென்று வாசகர்கள் பொறுமையாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பெண்ணைத் தலைமுதல் கால்வரை வருணித்துவிட்டு, முடிவில் அவளை நஞ்சென்றும் நரகமென்றும் ஏசினால் அது பக்தி. அதே பெண்ணை வருணித்து, அவளும் விரும்பினாள், அவளும் மகிழ்ந்தாள், அவளும் மனிதப் பிறவி என்று முடித்தால் அது ஆபாசம். அதாவது, பெண்ணுடம்பைப் பார்ப்பது இவர்களுக்குக் குற்றமன்று. பார்த்தபின் அவளை மதிப்பதுதான் குற்றம்! இவர்கள் காக்கிற பண்பாடு இதுவாயின், அதற்கு ஒவ்வாதவராக இருப்பதில் நமக்கு வெட்கமில்லை.

சட்டத்தைக் காட்டுவோரும் உண்டு. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு ஆபாச நூல் விற்பதைத் தண்டிக்கிறது. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம், ஒழுக்கத்துக்குக் கேடெனக் கருதும் நூலைத் தடைசெய்ய உள்துறை அமைச்சருக்கு அதிகாரமளிக்கிறது. சட்டத்தை நாம் மீறச் சொல்லவில்லை, மீறவுமில்லை. ஆனால் அந்த 292 எங்கிருந்து வந்தது? 1860-இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தது. இந்தியாவிலும் 2024 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அதே எண்தான். தொல்காப்பியரும் வள்ளுவரும் இயற்றியதன்று. மேலும் அப்பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறது: சமயக் காரியத்துக்கான நூலுக்கும், கோவிற் சிற்பத்துக்கும், சுவாமியை ஏற்றிச் செல்லும் தேரிலுள்ள உருவங்களுக்கும் அது பொருந்தாது! அதே உருவம் தேரில் ஏறினால் தெய்வீகம். தாளில் ஏறினால் குற்றம். அந்நியன் எழுதிய அந்த விலக்கு நமது கனவான்களின் நெஞ்சில் அப்படியே பதிந்துபோயிருக்கிறது என்பதற்குமேல் நாம் என்ன சொல்ல இருக்கிறது?

இரண்டாவது காரணம், “ஆண்பிள்ளை எழுதலாமா?” என்பது. இதைக் கேட்டதும் நாம் சிரித்துவிட்டோம். ஏனெனில், பெண்பிள்ளை எழுதினால் மட்டும் இவர்கள் மாலை போடுகிறார்களா? தஞ்சையில் மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் விளங்கிய முத்துப்பழனி என்னும் தேவதாசிக் குலப் பெண், ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற சிருங்கார காவியத்தைத் தெலுங்கில் இயற்றினாள். 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைப் பதிப்பித்தார். பெண் வாயில் வரத்தகாத பேச்சு என்று அக்காவியத்தைக் கண்டித்திருந்தவர் யார்? விதவைகளுக்கு மறுமணம் செய்வித்த பெரும் சீர்திருத்தக்காரரான கந்துகூரி வீரேசலிங்கமே. வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டுந்தான் உரியதா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். பதிலில்லை. ஆங்கிலேய அரசு அந்நூலைத் தடைசெய்தது. தடை நீங்க 1947 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் காலத்திலும், 2002-இல் குட்டி ரேவதி ‘முலைகள்’ என்று ஒரு கவிதைத் தொகுதிக்குப் பெயரிட்டதற்காக அவரும், சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி முதலியோரும் பட்ட வசையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வைதவர்களில் திரைப்படப் பாட்டெழுதும் ஆண்களும் இருந்தார்கள். பெண்ணின் அங்கத்தைக் காசுக்குப் பாடும் உரிமை தங்களுக்குண்டு. தன் அங்கத்தைப்பற்றித் தானே பேசும் உரிமை அவளுக்கில்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

இவ்விடத்தில் நமது குற்றமொன்றையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். முதல் ஐந்தாண்டுகள் நாம் ஒரு பெண்ணின் பெயரில் எழுதினோம். காதற்கதை படிப்போர் பெரும்பாலும் பெண்கள். பெண் பெயரிருந்தால் நம்பிப் படிப்பார்கள் என்று பதிப்பித்தவர் சொன்னார். நமக்கும் அது சௌகரியமாக இருந்தது. மேனாட்டிலும் இவ்வழக்கம் உண்டு. பீட்டர் ஓடனல் என்ற ஆங்கில எழுத்தாளர் மேடலின் பிரெண்ட் என்ற பெண் பெயரில் எழுதி, 1978-இல் அந்நாட்டுக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் பரிசையே பெற்றார். டாம் ஹஃப் என்பவர் ஜெனிஃபர் வைல்ட் என்ற பெயரில் 1976-இல் வெளியிட்ட நாவல் ஏராளமாக விற்றது. ஆயினும் அவர்கள் செய்தார்கள் என்பதால் நாம் செய்தது சரியாகிவிடாது. ஒரு பெண் தன் சொந்தப் பெயரில் எழுதினால் அவள் வீட்டு வாசலுக்கு வசை வருகிறது. நாமோ இல்லாத ஒரு பெண்ணின் பெயரை முன்னே நிறுத்தி, வந்த வசையெல்லாம் அவள்மேல் விழும்படி விட்டு, பணத்தை மட்டும் நாம் வாங்கிக்கொண்டோம். பெண்ணின் குரலை எடுப்பது கலை. ஆழ்வார்கள் எடுத்தார்கள், அவர்கள் யார் என்பது உலகறிந்தது. பெண்ணின் பெயருக்குப் பின் பதுங்குவது கோழைத்தனம். இந்த இரண்டுக்குமுள்ள வேற்றுமையை உணர நமக்கு ஐந்தாண்டு ஆயிற்று.

மூன்றாவது, இளைஞர் கெடுவர் என்பது. இளைஞர்கள் இன்று இவற்றை அறிய நமது கதைக்காகக் காத்திருக்கிறார்களா? ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் அவர்கள் காண்பது எது என்று பெற்றோர் அறியாதவரல்லர். அதற்கு முந்திய தலைமுறைக்குச் சரோஜாதேவி என்ற பெயரில் மறைவாக விற்ற மஞ்சள் புத்தகங்கள் இருந்தன. அவற்றையெல்லாம் நாம் ஆதரிக்கவில்லை. ஏன் ஆதரிக்கவில்லை? அவற்றில் உடம்பு இருப்பதாலன்று. உடம்பைத் தவிர வேறொன்றும் இல்லாததால். அவற்றில் வரும் பெண்ணுக்கு மனமில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயில்லை. சொன்னாலும் அது வேண்டும் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. இளைஞனைக் கெடுப்பது இதுதான்.

ஆகவே நமது அளவுகோல் ஒன்றே. கதையில் வரும் பெண் தன் விருப்பத்தால் வருகிறாளா? வேண்டாம் என்றால் கதாநாயகன் கையை எடுக்கிறானா? இந்த அளவுகோலைப் பழங்கதைகளுக்கும் வைத்துப் பார்க்கலாம். முதியவர் வேடத்தில் வந்த முருகன், வள்ளி இணங்காதபோது யானையை வரவழைத்து அவளை அச்சுறுத்த, அவள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள் என்று புராணம் சொல்கிறது. பக்தர்கள் அதற்குத் தத்துவம் கூறுவார்கள், கூறட்டும். நமது கதையில் ஒருவன் அப்படிச் செய்வானாயின் அந்தத் தாளை நாமே கிழித்துப்போடுவோம். அந்த யானையை அனுமதித்துவிட்டு, கிள்ளான் துறைமுகத் தொழிலாளியின் மனைவி தானே கதவைத் திறந்ததை ஆபாசமென்று தள்ளினவர்கள், இளைஞர்களுக்கு எந்தப் பாடத்தைப் போதிக்கிறார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.

நமது சீர்திருத்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1940-களில் அண்ணாதுரை ‘கம்பரசம்’ எழுதியபோது, தெய்வம் என்று கும்பிடும் ஒருத்தியை இப்படியா வருணிப்பது என்று கேட்டார். பக்திக்கு ஒரு நீதி, மற்றதற்கு ஒரு நீதியா என்ற அளவில் அக்கேள்வி நியாயமானதே. ஆனால், அதைப் பிடித்துக்கொண்ட பலர், காமத்தைப் பாடுவதே இழிவு என்ற முடிவுக்கு வந்துவிட்டனர். அங்கேதான் பழைய வைதிகரும் புதிய சீர்திருத்தக்காரரும் ஒரே பாயில் அமர்ந்துகொண்டார்கள். காதல் மணத்துக்கு மேடையில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, காதலரின் இன்பத்தை மட்டும் சொல்லக்கூடாது என்பது அரைச் சீர்திருத்தம்.

இத்தகைய வாய்ப்பூட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் திருச்செங்கோடே சாட்சி. பெருமாள்முருகன் 2010-இல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ காமக்கதையன்று; பிள்ளையில்லாத் தம்பதியரின் துயரக்கதை. ஆயினும் 2014 டிசம்பரில் அதைக் கொளுத்தினார்கள். மறுமாதம் அவர், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று தாமே அறிவிக்க வேண்டியதாயிற்று. 2016 ஜூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம், அவர் மீண்டும் எழுதட்டும் என்று தீர்ப்பளித்தது. வாழ்ந்துகொண்டிருக்கும் ஓர் எழுத்தாளன் உயிர்த்தெழுவதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்த நாட்டின் பெருமையை என்னென்பது!

நமக்கு அவ்வளவு பெரிய துன்பம் நேர்ந்துவிடவில்லை. ஒரு கதை போயிற்று, அவ்வளவே. ஆனால் ஒரு கதையைச் சத்தமின்றி நீக்கப் பழகிய கை, நாளை ஒரு பெண்ணின் முதற்கதையைச் சத்தமின்றி நீக்கும். அவளுக்கு இப்படி எழுதிக் கேட்க ஒரு பத்திரிகை கிடைக்காமலும் போகலாம். அதனாலேயே இதை எழுதினோம்.

அதே கதையை, ஒரு சொல்லும் மாற்றாமல், அதே கனவானுக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறோம். இம்முறை நமது சொந்தப் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. அவர் அதைப் படிக்குமுன், தம் வீட்டுக் குறளை எடுத்து, 109-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கி ஒருமுறை படித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.