விருந்து அப்புறம் இருக்கட்டும்

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக 1964-க்கு முன் எழுந்த கல்லூரிகள் இன்று சுமார் நூறு உள்ளன. படித்து வெளியே வந்தவர்களோ ஹோவர்ட் சங்கம், டஸ்கீகி சங்கம் என்று ஆளுக்கொரு விருந்து, ஆளுக்கொரு உண்டியல். இதிலே என்னங்க லாபம்? வட்டாரத்துக்கு ஒரு கூட்டுப் பேரவை வேண்டும் என்போம்.

1944-இல் டஸ்கீகியின் தலைவர் பேட்டர்சன் முயற்சியில் 27 கல்லூரிகள் ஒரே நிதியாகச் சேர்ந்தன. அந்த நிதி இன்றும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறது. கல்லூரிகளால் முடிந்தது, பழைய மாணவர்களால் முடியாதா?

ஆனால், பெரிய கல்லூரிக்காரர்களே பதவியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. (நாற்காலி வியாதி எந்தச் சங்கத்தைத்தான் விட்டது!) வர்ஜீனியாவில் 1888-இல் தொடங்கிய செயின்ட் பால்ஸ் கல்லூரி, பணமுடையில் சிக்கி 2013-இல் கதவடைத்தது. இப்படித் தள்ளாடும் சின்னக் கல்லூரிகளுக்கு மாணவர் சேர்த்துக் கொடுங்கள். ஏழைப் பிள்ளைக்குக் கட்டணம் கட்டுங்கள். விருந்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.