பேப் ரூத்தின் சட்டையை வெட்டலாமா?

அமெரிக்காவில் ஒரு சட்டை இருந்தது.

பழைய சட்டை. கம்பளித் துணியில் தைத்தது. 1925-ம் ஆண்டில் பேப் ரூத் அதை மாட்டிக்கொண்டு மைதானத்தில் ஆடினார்.

இன்று அந்தச் சட்டை இல்லை. அதைத் தீ எரிக்கவில்லை. பூச்சி அரிக்கவில்லை. திருடன் கொண்டு போகவும் இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்களே கத்தரித்துத் துண்டு போட்டுவிட்டார்கள்!

பேப் ரூத் யார்? பேஸ்பால் ஆட்டத்தின் சக்கரவர்த்தி. பேஸ்பால், கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. பந்தை மட்டையால் அடித்துவிட்டு, நான்கு முனைகளையும் தொட்டு ஓடி வரவேண்டும். பந்து வேலியைத் தாண்டிப் போய் விழுந்தால் ஓடவே வேண்டாம். நடந்தே சுற்றி வரலாம். அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர். ரூத் 714 ஹோம் ரன் அடித்தவர். 1948-ல் இறந்தார். அமெரிக்கர்கள் அவரை இன்னும் மறக்கவில்லை. அவர் பிடித்த மட்டை, கையெழுத்திட்ட பந்து, போட்ட தொப்பி எல்லாவற்றுக்கும் கிராக்கிதான்.

2,100 துண்டுகள்!

ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டைகளை விற்கும் கம்பெனிகள் அங்கே உண்டு. டான்ரஸ் அவற்றில் ஒன்றாக இருந்தது. 2003-ல் அந்தக் கம்பெனி ரூத்தின் சட்டையை 2 லட்சத்து 64 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதைச் சுமார் 2,100 துண்டுகளாக வெட்டியது. ஒரு அட்டைக்கு ஒரு துண்டு என்று பதித்தது. அந்த அட்டைகளை மற்ற அட்டைகளோடு கலந்து கடைக்கு அனுப்பியது.

ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். கம்பெனி ஒரு நியாயம் சொன்னது. "யாரோ ஒரு பணக்காரர் பூட்டி வைப்பதைவிட, சாதாரண ரசிகர்களுக்கும் ஒரு துண்டு கிடைக்கட்டுமே" என்பது அதன் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஏழைக்கும் பங்கு என்றால் யார் மனம்தான் இளகாது? ஆனால் ரசிகனுக்குக் கிடைத்தது சட்டையா? இல்லை. கந்தல்! அந்தத் துண்டைப் பார்த்தால் ரூத்தின் தோள் எவ்வளவு அகலம் என்று தெரியாது. கழுத்துப் பட்டை எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது என்று தெரியாது. அது ரூத்தின் சட்டைதான் என்பதற்குச் சாட்சி எது? அட்டையில் கம்பெனி அச்சடித்த வாசகம். அவ்வளவுதான்.

முழுச் சட்டைக்கு இந்தக் கதி இல்லை. அது தானே சாட்சி சொல்லும். 1932-ம் ஆண்டு உலகத் தொடர் ஆட்டத்தில் ரூத் போட்டிருந்த இன்னொரு சட்டையைப் பாருங்கள். பழைய புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, நிபுணர்கள் சட்டையோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டார்கள். இரண்டும் பொருந்தின. 2024-ல் அது 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஒரு சட்டைக்கு இவ்வளவு பணமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அதைக் கத்தரித்திருந்தால் எந்தப் படத்தோடு எந்தத் துண்டை ஒப்பிடுவது?

ஓரத்தை வெட்டினார்

வெட்டுவதில் இன்னொரு வகையும் இருக்கிறது. இது அழகுக்காக வெட்டுவது.

1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் ஆட்டக்காரர்களின் பட அட்டைகளை வைத்து விற்றார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அட்டை. ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை மட்டும் சீக்கிரமே நின்றுபோயிற்று. புகையிலையோடு தம் படம் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள் சிலர். பணம் கேட்டார், கொடுக்கவில்லை என்பார்கள் வேறு சிலர். எப்படியோ, அட்டை அபூர்வமாகிவிட்டது.

அவற்றில் ஒன்று ஓரம் நேராக, மூலை கூராக, புத்தம் புதிதுபோல இருந்தது. 2007-ல் அது 28 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. 2013-ல் குட்டு உடைந்தது! அதை முன்பு வைத்திருந்த ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ கோர்ட்டில் நின்றார். அட்டையின் ஓரத்தை வெட்டி நேராக்கியது தாமே என்று ஒப்புக்கொண்டார்.

நூறு வயது அட்டைக்கு மூலை மழுங்கித்தான் இருக்கும். அது குறை அல்ல, வயது. ஒரு பையன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான் என்பதற்கு அதுவே அடையாளம்.

மண்ணைத் தட்டாதே

பழைய பொருளைக் காப்பது பெரிய வித்தை இல்லை. அதை வெயிலில் வைக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் கையெழுத்து மங்கும். ஈரத்தில் வைத்தால் காகிதம் பூஞ்சை பிடிக்கும். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடாவை ஒட்டினால், நாளடைவில் பசை பழுப்பேறிக் கறையாகிவிடும். கம்பளிச் சட்டையில் பூச்சி விழாமல் பார்க்கவேண்டும்.

பலர் தவறுவது துடைப்பதில்தான். மட்டையில் பந்து பட்ட கறையும், சட்டையில் ஒட்டிய மைதானத்து மண்ணும் அழுக்கு அல்ல. அந்தப் பொருளின் சரித்திரமே அவைதான். தேய்த்துக் கழுவினால் சரித்திரமும் தண்ணீரோடு போய்விடும்.

மின்சாரத் தொழிலாளி செய்த வேலை

சாதாரண ரசிகனுக்கும் பங்கு வேண்டும் என்றால், அதற்குக் கத்தரிக்கோல் தேவையில்லை. ஜெபர்சன் பர்டிக் அதைச் செய்து காட்டினார்.

பர்டிக் நியுயார்க் மாநிலத்தில் சிராகியூஸ் நகரத்துக்காரர். மின்சாரச் சாமான் தொழிற்சாலையில் வேலை. பெரிய பணக்காரர் அல்ல. கீல்வாதம் அவர் உடம்பை முடக்கியிருந்தது. அப்படியிருந்தும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளும் அச்சுப் படங்களும் சேர்த்தார். அவற்றில் 30 ஆயிரத்துக்கு மேல் பேஸ்பால் அட்டைகள். எந்த அட்டை எந்த வகை என்று பட்டியல் போட்டவரும் அவரே. வாக்னர் அட்டை சேர்ந்த வரிசைக்குச் சேகரிப்பாளர்கள் இன்றும் சொல்லும் 'டி-206' என்ற பெயர், பர்டிக் வைத்த பெயர்தான்.

விற்றிருந்தால் காசு பார்த்திருக்கலாம். அவர் விற்கவில்லை. எல்லாவற்றையும் நியுயார்க் மெட்ரோபாலிடன் பொருட்காட்சி சாலைக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததோடு நிற்கவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, வலிக்கும் விரல்களால் ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். பசை போட்டு ஒட்டியது சரியல்ல என்று இன்றைய நிபுணர்கள் சொல்வார்கள். அட்டையின் பின்பக்கம் மறைந்துவிடுகிறது அல்லவா? அது உண்மைதான். ஆனாலும் வாக்னர் அட்டை உள்பட எல்லாம் ஊரார் சொத்தாக ஓரிடத்தில் இருக்கின்றன. மாற்றி மாற்றிச் சில அட்டைகளை அங்கே பார்வைக்கு வைக்கிறார்கள்.

1963 ஜனவரி 10-ந் தேதி பர்டிக் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்ச் மாதம் கண் மூடினார்.