ஒரே பள்ளி, இரண்டு சம்பளம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதவியல்)

வாத்தியார் என்றால் சம்பளத்துக்குக் கொடி பிடிப்பவர் என்று நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். கொடி பிடித்தவரின் கணக்கை எத்தனை பேர் போட்டுப் பார்த்திருக்கிறோம்? கணிதம் படிக்கும் மாணவி என்ற முறையில் நான் போட்டுப் பார்த்தேன்.

சாத்தான்குளத்தை அடுத்த தேரிக்காட்டோரம், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் படித்தவள் நான். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். சார் 2009க்கு முன் பணியில் சேர்ந்தவர். டீச்சர் பின்னால் வந்தவர். இருவருக்கும் பதவி ஒன்றே: இடைநிலை ஆசிரியர். சார் விடுப்பில் போனால் ஐந்து வகுப்பும் டீச்சர் தலையில்.

இனி கணக்கு. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டிய புதிய ஊதியத்தைத் தமிழக அரசு 2009 ஜூன் 1ஆம் நாள் ஆணையிட்டது. அதற்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்குப் பழைய தொடக்க ஊதியமான 4,500 ரூபாயை 1.86ஆல் பெருக்கி 8,370 ரூபாய் ஆக்கினார்கள். அன்று முதல் சேர்ந்தவருக்குப் பெருக்கல் கிடையாது, 5,200 ரூபாய்தான். மே 31க்கும் ஜூன் 1க்கும் நடுவே ஓர் இரவு. அதற்கு மாதம் 3,170 ரூபாய் தண்டம்! 2017இல் ஏழாவது ஊதியக் குழு வந்தபோது எல்லாருக்கும் 2.57ஆல் பெருக்கினார்கள். பெருக்கலுக்குக் கண் ஏது? 3,170ஐயும் அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள். 8,147 ரூபாய் வருகிறது. அகவிலைப்படி அதன்மேல் தனி.

இதற்காகத்தான் 2018 டிசம்பரிலும் 2023இலும் இந்த ஆசிரியர்கள் சென்னைக்குப் போய் உண்ணாவிரதம் கிடந்தார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் ரண்தீர் சிங் வழக்கில் 1982லேயே ஏற்றுக்கொண்டது. கஜானா தாங்குமா என்று அரசு யோசிப்பதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பற்றாக்குறையைப் பிந்தி வந்தவர் தலையில் மட்டும் கட்டுவது எந்த நியாயம்?

சம்பளம்தான் இப்படி; வேலையாவது குறைந்ததா? 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. கொரோனாக் காலத்தில் எழுத்தையே மறந்த பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் வருகைப் பதிவும் மதிப்பீடும் கைபேசியில் ஏற்ற வேண்டும். என் சித்தி மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். "டீச்சர் சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போயிருவாங்க, நாங்க சத்தம் போட்டுக்கிட்டு இருப்போம்" என்கிறாள். திட்டம் தீட்டியவர்கள் இரண்டு பேர் மட்டுமே இருக்கும் பள்ளியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்திருந்தால், அந்தப் பதிவேற்றத்துக்கு வேறு ஆளைத் தேடியிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "பி.எட். படிச்சு டீச்சராயிரு" என்கிறார் அப்பா. பொங்கல் விடுமுறையில் டீச்சரைப் பார்த்து, வரலாமா என்று கேட்டேன்.

"வா, வராம என்ன? ஆனா சேருற தேதியைப் பார்த்துச் சேரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அப்பாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.